பேட்டரிப் பட்டறை மூடிவிட்டது, மண்ணில் விஷம் இருக்கிறதாம்: குழந்தைக்கு ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை ஒன்று பல வருடம் நடந்தது. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட வைத்தார்கள். என் மகனுக்கு மூன்று வயது. சரியாகச் சாப்பிடமாட்டான், அடிக்கடி வயிறு வலி என்பான், மண் தின்கிற பழக்கமும் உண்டு. விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் லெட் 14 என்று வந்தது, ஹீமோகுளோபின் 9.2. டவுனில் ஒரு கிளினிக்கில், உடம்பிலிருக்கும் லெட்டை இழுத்து எடுக்க ஊசி போட வேண்டும், பத்து தடவை வர வேண்டும் என்கிறார்கள். வேளாண்துறை மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் போட்டிருக்கிறது. சூரியகாந்தி போட்டால் மண்ணில் இருப்பதை உறிஞ்சிவிடும் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறார். அவர் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் கடையில் வேலை செய்கிறார். தோட்டத்தில் கீரை, தக்காளி போட்டிருக்கிறோம், நான்கு நாட்டுக்கோழிகள், கிணறும் உண்டு. நான் இப்போது நான்கு மாதம். பேசாமல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசி வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம், அந்த கிளினிக்கில் தேதி வாங்கியிருந்தால் முதலில் அதை ரத்து செய்துவிடுங்கள்.

அவர்கள் சொல்லும் சிகிச்சைக்குச் செலேஷன் என்று பெயர். ரிப்போர்ட்டில் லெட் என்று போட்டிருப்பது காரீயம் என்ற உலோகம். ரத்தத்தில் இருக்கும் அந்த உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள் அவை. மருந்தில் குறை ஒன்றும் இல்லை. அளவு மிக அதிகமாகி, வலிப்பு வந்த நிலையில் கொண்டுவரப்படும் குழந்தைகளை அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கும் குழந்தைகளுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறது. உங்கள் மகனுக்கு 14.

45-க்குக் கீழே கொடுத்தால் பலன் இருக்குமா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 20 முதல் 44 வரை அளவு இருந்த 780 சின்னக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு சக்ஸிமர் என்ற செலேஷன் மருந்தும், இன்னொரு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்த குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே அளவு சரசரவென்று இறங்கியது. பிறகு திரும்ப ஏறியது. மூன்று வருடம் கழித்துப் புத்திக்கூர்மையையும் நடத்தையையும் அளந்து பார்த்தபோது இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. 2001-இல் முடிவு வெளியானது. அந்தக் குழந்தைகளுக்கு ஏழு வயதானபோது மறுபடியும் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. கிளினிக்கில் பத்து ஊசிக்குப் பிறகு ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி, பாருங்கள் இறங்கிவிட்டது என்பார்கள். இறங்கியிருக்கும், உண்மைதான். குழந்தைக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

ஏன் திரும்ப ஏறுகிறது? காரீயம் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும், அதனால் உடம்பு அதைக் கொண்டுபோய் எலும்பில் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும், எலும்பில் போனது பத்து, இருபது வருடம்கூடத் தங்கும். மருந்து ரத்தத்தைக் காலி செய்ததும் எலும்பிலிருந்து கொஞ்சம் ரத்தத்துக்கு வரும். அதோடு பையன் வீட்டுக்கு வந்து அதே மண்ணில் விளையாடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி என்றால் பெரும்பாலும் இடிடிஏ என்ற மருந்தாக இருக்கும். அதில் இரண்டு உப்புகள் உண்டு: கால்சியம் சேர்ந்தது ஒன்று, சேராதது இன்னொன்று. பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கால்சியம் சேராததை ஏற்றினால் அது ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடலாம். 2005-இல் அமெரிக்காவில், காரீயத்துக்காக மருத்துவமனையில் சேர்த்த இரண்டு வயதுப் பெண் குழந்தை இப்படி மருந்து மாறியதால் இறந்துபோனது. பெரிய மருத்துவமனையிலேயே நடக்கிற தவறு. டவுன் கிளினிக்கில் பத்து தடவை ஊசி என்றதும் எனக்குப் பதறியது அதனால்தான்.

சரி, 14 என்றால் என்ன அர்த்தம்?

பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, அலட்சியமாக விடக்கூடிய எண்ணும் இல்லை. காரீயத்துக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு கோடு கிடையாது. 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவாக முன்பு 10 இருந்தது, 2012-இல் 5 ஆக்கினார்கள், 2021-இல் 3.5 ஆக்கினார்கள். நம் ஊர் நிலவரம் வேறு. சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரைப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில் சராசரியே 11.4. ஆக உங்கள் மகன் ஏதோ அபூர்வமான நோயாளி இல்லை. ஆனால் சராசரி என்பதால் அது நல்ல அளவு என்றும் ஆகிவிடாது.

பல நாட்டுக் குழந்தைகள் 1,333 பேரின் விவரங்களைச் சேர்த்து 2005-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ரத்த அளவு 2.4-இலிருந்து 10-க்கு ஏறும்போது ஐக்யூ சராசரியாக 3.9 புள்ளி குறைகிறது, 10-இலிருந்து 20-க்கு ஏறும்போது 1.9 தான். அதாவது முதலில் சேரும் கொஞ்சம்தான் அதிகம் கெடுக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 14-ஐ 5-க்குக் கொண்டுவருவது சின்ன விஷயம் இல்லை. இவை கூட்டத்தின் சராசரிகள், உங்கள் பையனின் ஜாதகம் அல்ல. அவனோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள், விளையாட்டுச் சாமான் கொடுங்கள். அதற்கும் மூளை வளர்ச்சியில் பங்கு உண்டு.

முதலில் அந்த 14-ஐயே உறுதிப்படுத்த வேண்டும். விரலில் குத்தி எடுக்கும்போது விரலில் ஒட்டியிருக்கும் மண்ணின் காரீயமும் ரத்தத்துளியில் கலந்துவிடலாம், அதுவும் மண்ணில் விளையாடும் பையனுக்கு. கையிலிருக்கும் நரம்பில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை ஒரு மாதத்துக்குள் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையில் குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பேட்டரிப் பட்டறை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதை அங்கே வாசலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் காரீயம் நினைவுக்கு வராது.

ஹீமோகுளோபின் 9.2 என்பதைத் தனி நோயாகப் பார்க்காதீர்கள். குடலில் இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளும் அதே வழியில் காரீயமும் ஏறும். இரும்பு குறைந்த குழந்தையின் குடல் அந்த வழியை அகலத் திறந்து வைத்திருக்கும், காரீயத்துக்குக் கொண்டாட்டம். உள்ளே போன காரீயம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். இரும்புக் குறை இருந்தால் மண் தின்னும் ஆசையும் வரும், அந்த மண்ணில்தான் காரீயமே இருக்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம் குழந்தைகளுக்கு இந்த உலோகம் சுலபமாக ஏற அது ஒரு பெரிய காரணம். ஆகவே அவனுக்கு இப்போது உண்மையாகத் தேவைப்படும் மருந்து, டாக்டர் எடைக்கு ஏற்றபடி எழுதித் தரும் இரும்பு டானிக்கும் குடற்புழு மருந்தும். கேழ்வரகுக் கூழ், பால், தயிர், பருப்பு கொடுங்கள், இரும்புச் சத்தோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேரட்டும். காலி வயிற்றில் விளையாட விடாதீர்கள், வெறும் வயிற்றில் காரீயம் கூடுதலாக ஏறும். வளர்ந்தவர்கள் விழுங்கியதில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், சின்னக் குழந்தைக்கு அது பாதி வரைகூடப் போகலாம்.

இனி மண்ணுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் மருத்துவர், மண் வேதியியல் நான் பாடமாகப் படித்தது அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ரத்தத்தை மட்டும் பார்க்கும் டாக்டரால் ஒரு குழந்தையையும் குணமாக்க முடியாது என்பது உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். நைஜீரியாவின் சாம்ஃபரா மாநிலத்தில் 2010-இல் காரீயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு வாசலில் அரைத்ததால் மண்ணெல்லாம் காரீயமாகி, 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே செலேஷன் மருந்தோடு போனது. பகேகா என்ற பெரிய கிராமத்தில் மட்டும் மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் வரத் தாமதமானது. 2013-இல் அந்த வேலை தொடங்கிய பிறகுதான் அங்கே மருந்தையும் தொடங்கினார்கள். விஷ மண்ணுக்கே திரும்பிப் போகும் குழந்தைக்கு மருந்து கொடுத்துப் பயன் இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

செனகல் நாட்டின் டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற ஊரில் நடந்தது உங்கள் கதைக்கு இன்னும் கிட்டே வருகிறது. அங்கேயும் பழைய பேட்டரி உடைத்த இடம்தான். மண்ணிலேயே காரீயம் இருக்கிறது, சலித்தால் விற்கலாம் என்று தெரிந்ததும் ஆட்கள் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். வெளியே ஒரு கிலோ மண்ணில் 3 லட்சம் மில்லிகிராம் வரை காரீயம் இருந்தது. சாதாரண மண்ணில் 10 முதல் 50 வரைதான் இருக்கும். உங்கள் இடத்தில் அந்த அளவுக்கு இருக்கும் என்று சொல்லவில்லை. கொட்டகை மூடியதும் ஆபத்தும் மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். காரீயம் மக்காது, ஆவியாகாது, மழையில் கரைந்தும் போகாது. களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு மேலே ஒரு சாண் ஆழத்துக்குள் அப்படியே கிடக்கும்.

அப்படியானால் மண்வள அட்டையில் ஏன் ஒன்றும் இல்லை? ஏனென்றால் அது அதைப் பார்க்கவே இல்லை. அந்த அட்டையில் மொத்தம் 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து. பயிருக்கு என்ன குறை என்று சொல்லும் அட்டை அது. மண்ணில் என்ன விஷம் கூடியிருக்கிறது என்று அதில் தேடக்கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது மொத்தக் காரீயம். அதோடு ஆர்சனிக் என்ற இன்னொரு நச்சுப் பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் செய்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையிலும் விசாரித்துப் பாருங்கள். மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பையன் விளையாடும் இடத்தில் மேலாக, விரல் ஒரு கணு ஆழத்துக்கு மட்டும் சுரண்டி எடுங்கள், அவன் வாய்க்குப் போவது அந்த மண்தான். காய்கறிப் பாத்தியில் ஒரு சாண் ஆழம் வரை. கொட்டகைப் பக்கத்து வேலியோரம் தனியாக, கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் தனியாக. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு புள்ளிகளில் எடுத்துக் கலந்து ஒரு பை. ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். கையில் ஒட்டுவது நைசான தூள்தான் என்பதால், 150 மைக்ரான் சல்லடையில் சலித்த பகுதியைச் சோதிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணுக்கு ரொம்ப நாளாக 400 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்ததை 2024 ஜனவரியில் 200 ஆக்கியது. கலிஃபோர்னியா மாநிலம் 80 என்கிறது. என் கருத்தில், 80-க்குக் கீழே என்றால் நிம்மதியாகத் தோட்டம் போடுங்கள். 200-க்கு மேல் என்றால் அந்த மண்ணைக் குழந்தையின் கையில் படாமல் மூட வேண்டும். ஆயிரங்களில் வந்தால் அது உங்கள் குடும்பம் தனியாகச் சமாளிக்கக்கூடிய விஷயமே இல்லை.

இப்போது சூரியகாந்தி. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டரை சென்ட் இடம், சுமார் 100 சதுர மீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக 15 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தால் மண் ஏறக்குறைய 20 டன். அதில் 1,000 பிபிஎம் இருந்தால் காரீயம் 20 கிலோ. சூரியகாந்தி நன்றாக வந்து 100 கிலோ காய்ந்த தட்டை கிடைக்கிறது என்று வைப்போம். அது கிலோவுக்கு 200 மில்லிகிராம் காரீயத்தை இழுத்தது என்று தாராளமாகவே வைப்போம். ஒரு அறுவடையில் வெளியே போவது 20 கிராம். ஆக ஆயிரம் அறுவடை வேண்டும். வருடம் ஒரு போகம் என்றால் ராஜராஜன் காலத்திலேயே விதைக்கத் தொடங்கியிருக்க வேண்டும், மூன்று போகம் போட்டாலும் முந்நூற்றுச் சொச்சம் வருடம் ஆகும்.

வேர் உறிஞ்ச முடியாதபடி காரீயம் மண்ணோடு இறுகிக் கிடப்பதுதான் சிக்கல். 1990-களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். கடுகுச் செடியை வளர்த்து, மேலே சொன்ன அதே இடிடிஏ-வை மண்ணில் ஊற்றினார்கள். ரத்தத்தில் செய்வதைத்தான் அது மண்ணிலும் செய்தது: காரீயத்தைப் பிடித்துக் கரைத்தது, செடியும் மளமளவென்று உறிஞ்சியது. ஆனால் செடி எடுத்தது போக மிச்சம் கரைந்த நிலையில் நிலத்தடி நீருக்கு இறங்கும் என்பது தெரிந்ததும் அந்த உற்சாகம் அடங்கிவிட்டது. உங்களுக்குக் கிணறு இருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். வெட்டிவேர் பற்றியும் யாராவது சொல்வார்கள். வேலியோரம் நடுங்கள், தாராளமாக நடுங்கள். அது காரீயத்தை அகற்றாது, ஆனால் மண் பறக்காமலும் மழையில் அடித்துவராமலும் பிடித்து வைக்கும். அந்த வேரை எடுத்துத் தண்ணீர்ப் பானையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எடுக்க முடியாது என்றால் கட்டிப்போடலாமா? இங்கே வேதியியல் கைகொடுக்கிறது. காரீயம் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் பைரோமார்ஃபைட் என்ற கனிமமாகிவிடும். மிக மிகக் குறைவாகக் கரையும் பொருள் அது, வயிற்று அமிலத்துக்கும் லேசில் மசியாது. குழந்தை அந்த மண்ணைத் தின்றாலும் உள்ளே ஏறுவது குறையும். இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாப்லின் என்ற ஊரின் மண்ணில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து வைத்திருந்து, வளர்ந்த தன்னார்வலர்களை அந்த மண்ணை விழுங்கச் செய்து ரத்தத்தில் அளந்தார்கள். விஞ்ஞானத்துக்காக மண் தின்றவர்கள்! சும்மா மண்ணிலிருந்து சுமார் 42 சதவீதக் காரீயம் உடம்பில் ஏறியது, பாஸ்பேட் சேர்த்த மண்ணிலிருந்து 13 சதவீதம்தான். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு குடியிருப்பு முழுக்க மீன் எலும்புத் தூளைத் தோட்டங்களில் கலந்தார்கள், அதிலும் இதே பாஸ்பேட்தான்.

எலும்புத் தூளும் ராக் பாஸ்பேட்டும் நம் உரக்கடையில் கிடைப்பவை. ஆனாலும் ரிப்போர்ட் வருவதற்கு முன் கொட்டாதீர்கள். பேட்டரித் தட்டுகளில் காரீயம் மட்டும் இருப்பதில்லை, உறுதிக்காக ஆன்டிமனியும் கொஞ்சம் ஆர்சனிக்கும் சேர்ப்பது வழக்கம். பாஸ்பேட் காரீயத்தைக் கட்டும், ஆர்சனிக்கையோ மண்ணிலிருந்து தளர்த்திவிடும். இரண்டும் மண்ணில் ஒரே மாதிரி உட்காருபவை என்பதால் ஒன்று வந்து மற்றதை எழுப்பிவிடுகிறது. ஆர்சனிக் தண்ணீரில் இறங்கக்கூடியது. அதனால்தான் அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னேன். இல்லை என்று தெரிந்தால் எலும்புத் தூள், நிறைய மக்கிய தொழு உரம், பேட்டரி ஆசிட் ஊற்றிய பக்கம் கொஞ்சம் சுண்ணாம்பு. மண்புழு உரமும் நல்லதே. புழு காரீயத்தைத் தின்று அழித்துவிடாது, ஆனால் மக்கு கூடினால் காரீயம் இறுகும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது மூடுவதைத்தான். பையன் விளையாடும் இடத்தில் தார்ப்பாயோ பழைய உரச்சாக்கோ விரித்து, அதன்மேல் வேறு ஊரிலிருந்து வந்த சுத்தமான மண்ணை ஒரு சாணுக்குப் போட்டு அருகம்புல் பதியுங்கள். வாசலிலிருந்து கொல்லை வரை நடைபாதைக்குக் கல் பதித்துவிடுங்கள். பழைய மண்ணைத் தோண்டி ரோட்டோரம் கொட்டாதீர்கள், செங்கல் சூளைக்கும் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இதில் எதற்கும் கிளினிக் பில் அளவுக்குச் செலவில்லை.

தோட்டத்தில் கீரையை இப்போதைக்கு நிறுத்துங்கள். செடி உள்ளே இழுப்பதைவிட இலையில் ஒட்டும் மண்தான் அதிகம், கீரையை எவ்வளவு அலசினாலும் மடிப்பில் மண் நிற்கும். முள்ளங்கி, கிழங்கு வகையும் வேண்டாம். தக்காளி, கத்தரி, அவரை, முருங்கைக்காய் போன்ற காய்களுக்குக் காரீயம் அவ்வளவாக ஏறாது, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். கீரை வேண்டுமென்றால் புது மண் நிரப்பிய தொட்டியில் போடுங்கள். கோழி வருத்தமான விஷயம். அது நாள் முழுக்க மண்ணைக் கிளறித் தின்கிறது, காரீயம் முட்டைக்குப் போகும். நியூயார்க் சமுதாயத் தோட்டங்களில் வளர்ந்த கோழிகளின் முட்டைகளில் சுமார் பாதியில் காரீயம் இருந்தது, கடை முட்டையில் தென்படவில்லை. பையனுக்கும் உங்களுக்கும் இப்போது கடை முட்டை போதும். நாட்டுக்கோழி முட்டைதான் சத்து என்று மாமியார் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பொதுவாகக் காரீயம் அவ்வளவு ஆழம் இறங்காது, ஆனால் ஆசிட் கொட்டிய இடத்தில் அந்த விதி செல்லாது. ஒருமுறை சோதியுங்கள், அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் கடையில் வேலை என்றீர்கள். பின்பக்கக் கொட்டகையைப் பற்றி அரைப் பக்கம், இதைப் பற்றி ஒரு வரி. எனக்கு இரண்டின் மீதும் சமமான சந்தேகம் இருக்கிறது. கொட்டகை மூடி இரண்டு வருடமாகிறது, பையனுக்கு மூன்று வயது, அவர் தினமும் அந்தத் தூசியோடு வீட்டுக்கு வந்து அவனைத் தூக்குகிறார். சட்டை, தலைமுடி, வண்டி சீட், டிபன் பை எல்லாவற்றிலும் வரும். கடையிலேயே உடை மாற்றி, கைகால் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்த பிறகே குழந்தையைத் தொடட்டும். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், நீங்கள் அதை உதறாதீர்கள். அவர் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள், சம்பாதித்துப் போடுகிற மனிதர் மனம் நொந்துவிடுவார்.

உங்கள் ரத்தத்தையும் இந்த வாரமே பாருங்கள். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கால்சியம் கொடுக்க உடம்பு எலும்பைக் கரைக்கும், அதோடு பழைய காரீயமும் வெளியே வரும், நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. உணவில் கால்சியம் குறைவாக இருந்து அளவு 5-க்கு மேல் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் கால்சியம் கொடுக்கச் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் விடாமல் போடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டாம். அளவு 40-க்குக் கீழே இருக்கும்வரை தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. வீட்டைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை எதையும் இப்போது தொடங்காதீர்கள். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். அது சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை, காரீயம் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கடையில் விற்கும் சுர்மா என்ற கண் மையும் வேண்டாம்.

வீட்டை விற்பதா? ரிப்போர்ட் வரும்வரை முடிவெடுக்காதீர்கள். சில நூறுகளில் வந்தால் மேலே சொன்னதைச் செய்துகொண்டு இருக்கலாம். ஆயிரங்களில் வந்தால், நீங்களும் பையனும் சில மாதம் அம்மா வீட்டில் இருங்கள், மண் வேலை நடக்கட்டும். விவரத்தை மறைத்து இன்னொரு குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு விற்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். மண் ரிப்போர்ட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் சேர்த்து இணையுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் இரண்டு இலாகாவுக்குப் போய்விடும். பழைய பேட்டரிகளைக் கண்ட இடத்தில் உடைக்கக்கூடாது என்று 2001 முதலே விதி இருக்கிறது, 2022-இல் புது விதிகளும் வந்தன. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சுத்தம் செய்ய 2025-இல் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்திருக்கிறது, புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். கொட்டகையை மூட வைத்த அதே ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்கள். அந்தத் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தம் பார்க்க வட்டார மருத்துவ அலுவலரிடம் முகாம் கேளுங்கள். வேலியைத் தாண்டி அந்தக் காலி இடத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் இருந்தால், முகாம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.